ஆறரை லிட்டர்

காளவாசல் பைபாஸில்
பேட்டரிக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
கீழே ஆசிட் வாடை.
மேலே நாங்கள் நாலு பேர்,
நூற்றுப் பதினெட்டு பால் சொசைட்டிகளின் கணக்கு,
யாரும் தொடப் பயப்படும் ஒரு கோடு.

கொழுப்புக் கணக்கைச் சரிசெய்தால்
தீவனக் கடன் தப்பாகும்.
தீவனக் கடனைத் தைத்தால்
போனஸ் கிழியும்.
வெள்ளி ராத்திரி ரிலீஸ்.
சனி விடிய ஐந்து நாற்பதுக்கு போன்.
பால் பொறுக்காது, திரிந்துவிடும்.
ஊற்றுகிறவர்களும் அப்படித்தான்.

"யார் கடைசியாத் தொட்டது?"
எங்கள் காலை வணக்கமே அதுதான்.
துளசிராம் என்னைப் பார்ப்பார்.
நான் சவரியைப் பார்ப்பேன்.
சேர்ந்து ஐந்தே மாதமான சவரி
ஜன்னல் வழியே பாலத்தைப் பார்ப்பான்.

ஒரு சனிக்கிழமை கருமாத்தூரில்
நாற்பத்தேழாம் நம்பர் ஒச்சம்மாளுக்கு
வாரப் பால்காசு
மைனஸ் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
"எம்மாடு ஒங்களுக்குக் கடன்பட்டிருக்கா?"
போனில் கேட்டார்.
கோபமாகக் கேட்கவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க
நானும் ரஹ்மத் நிஷாவும் ஸ்கூட்டியில் போனோம்.
செக்கானூரணி தாண்டியதும் தூறல்.
சாயங்காலக் கறவை. வரிசையில் கேன்கள்.
ஒவ்வொன்றிலும் லாக்டோமீட்டரை விட்டு
அது மிதந்து நிற்கும் கோட்டைப் படித்து
எழுதிக்கொண்டே போனார் கிளார்க்.
தலைவர் வீட்டுக் கேனிலும் விட்டார்.
தன் வீட்டுக் கேனிலும்.
யாரும் முகம் கோணவில்லை.

திரும்பும்போது
முதுகுக்குப் பின்னாலிருந்து நிஷா:
"நம்ம கோட்டுல இத விட்டுப் பாத்தா
எம்புட்டுத் தண்ணி இருக்கும்?"

ராத்திரி ஒன்பதுக்கு
முதல் டெஸ்ட் எழுத உட்கார்ந்தோம்.
ஆறரை லிட்டர்.
கொழுப்பு நாலு புள்ளி இரண்டு.
இதர சத்து எட்டு புள்ளி மூன்று.
வரவேண்டிய தொகை...
அங்கே நின்றது விரல்.

நான் வேளைக்கு வேளை பைசாவை முழுசாக்கியிருந்தேன்.
துளசிராம் வாரக் கடைசியில்.
சவரி, கேட்க வெட்கப்பட்டு,
பைசாவை வெட்டியே விட்டிருந்தான்.
மூன்று விடை.
ஒரே மாடு.

கருமாத்தூருக்கு போன் போட்டோம்.
கிளார்க் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"வேளைக்கு வேளைதான் மேடம்.
அரைப் பைசா வந்தா மாட்டுக்காரவுகளுக்கு.
இது தெரியாமயா இம்புட்டு நாளா எழுதுனீக?"

சிவப்பு.
மறுபடி ஓட்டினால், சிவப்பு.
பதினொன்றே காலுக்கு ஒரே ஒரு வரி பச்சை.
மிளகாய் கடித்தவன் மாதிரி
சவரி துள்ளி எழுந்தான்.

இரண்டாவது டெஸ்டில் அந்த மைனஸ் அகப்பட்டது.
தீவனக் கடனைப் பிடித்தது நான்.
நான் பிடிக்கவில்லை என்று நினைத்து
மறுபடி பிடித்தது துளசிராம்.
இரண்டு வருடம் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து
ஒருத்தர் போட்ட முடிச்சை
இன்னொருத்தர் அவிழ்த்திருக்கிறோம்.

மறுநாள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம்.
துளசிராமுக்கு மட்டும் ரோஷம்.
"பதினாலு வருஷ சர்வீஸ்.
என் கோட்டையே சந்தேகப்படுறீங்களா?"
"தலைவர் வீட்டுக் கேன் சார்" என்றாள் நிஷா.
ஒரு வாரம் பேசவில்லை.
அப்புறம் அவரே எழுத ஆரம்பித்தார்,
ஒவ்வொரு டெஸ்டுக்கும் பெயர் வைத்து:
'மாடு செத்த பிறகு தீவனக் கடன்.'
'ஒரே வீட்டில் இரண்டு ஒச்சம்மாள்.'
'கரண்ட் போன நேரத்தில் ஊற்றிய பால்.'

இப்போதும் உடைகிறது.
ஆபீஸுக்குள்ளேயே உடைகிறது.
போன வாரம் சிவப்பானது நான் எழுதியது.
பிடித்தது சவரியின் டெஸ்ட்.
பத்து நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
பிறகு இறங்கிப் போய்
நாலு பேருக்கும் பருப்பு வடை வாங்கி வந்தேன்.

வெள்ளி ராத்திரி ரிலீஸ்.
சனி ஐந்து நாற்பது.
பழக்கதோஷம், விழித்துவிட்டேன்.
தலையணைக்குப் பக்கத்தில்
போன் சும்மா கிடந்தது.
ஐந்து ஐம்பது.
தாங்காமல் நானே கருமாத்தூருக்கு அடித்தேன்.

"பால் ஊத்திக்கிட்டிருக்காக மேடம்,
அப்புறம் பேசுங்க"
என்று வைத்துவிட்டார்.